இறாலின் வளர்ச்சியைத் திருடும் ஒட்டுண்ணி

நெற்பயிர் பச்சைப்பசேலென்று நிற்கிறது. கதிரும் வெளிவந்துவிட்டது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு மாவுக்கு இத்தனை கலம் காணும் என்று கணக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அறுத்துக் களத்தில் தூற்றும்பொழுது பாதிக்குமேல் காற்றோடு போய்விடுகிறது. பதரின் கொடுமையைத் தஞ்சைத் தரணியின் உழவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பயிர் பட்டுப்போயிருந்தால் முன்னதாகவே தெரிந்திருக்கும். உரச் செலவும் ஆட்கூலியுமாவது மிஞ்சியிருக்கும். பதரோ கடைசி நாள்வரை நம்பவைத்து ஏமாற்றுவது.

இதனையொத்த ஒரு கேடு நமது கடலோரத்து இறால் குளங்களில் சில ஆண்டுகளாக நேர்ந்து வருகிறது. இறால் சாவதில்லை, ஆனால் வளர்வதும் இல்லை. தீவனம் நாள்தோறும் செலவாகிறது. காற்றேற்றி இரவும் பகலும் சுழல்கிறது. மூன்று மாதம் கழித்து வலை வீசினால் விரல் நீளத்தைத் தாண்டாத இறாலே கிடைக்கிறது. இதற்குக் காரணமானது கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒட்டுண்ணி. அது யாது, இறாலின் உடலில் என்ன செய்கிறது, ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்கு எவ்வாறு செல்கிறது, அதனைத் தடுக்கப் பண்ணையாளரும் பஞ்சாயத்தும் செய்யத்தக்கவை யாவை என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

கடைமடையில் இறால் வளர்ப்பு

காவிரியின் கிளையாறுகள் கடலைச் சேரும் இடங்களில் நன்னீரும் உப்புநீரும் கலந்து உவர்நீர்க் கழிகள் அமைந்துள்ளன. சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரணியம் பகுதிகளிலும், தஞ்சை மாவட்டத்தின் அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரையோரத்திலும் இக்கழிகளை அடுத்து 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகின. அப்பொழுது வளர்க்கப்பட்டது வரி இறால். சில ஆண்டுகளுக்குள் வெண்புள்ளி நோய் என்னும் வைரஸ் நோய் புகுந்து குளங்களை வெறுமையாக்கிற்று. நன்செய் நிலங்கள் உப்பாவதையும் குடிநீர் கெடுவதையும் எதிர்த்து மக்களும் போராடினர். சர்வோதயத் தலைவர் திரு. எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பளித்தது. விளைநிலங்களையும் உப்பளங்களையும் அலையாத்திக் காடுகளையும் கிராமப் பொதுநிலங்களையும் இறால் குளமாக மாற்றலாகாது என்பது அத்தீர்ப்பின் முக்கியமான பகுதியாகும். 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பண்ணைகள் அவ்வாணையத்தில் பதிவுபெற வேண்டும் என்பது அதன் விதி.

2009-இல் வனாமி என்னும் அயல்நாட்டு இறாலை வளர்க்க அனுமதி கிடைத்தது. குறைந்த காலத்தில் நல்ல விளைச்சல் கண்டமையால் பெரும்பாலோர் அதற்கு மாறினர். நாம் பேச வந்த ஒட்டுண்ணி முற்பட்டது இதன் பின்னரேயாகும்.

ஒட்டுண்ணி யாது?

விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் என்டரோசைட்டோசூன் ஹெப்படோபீனி. பெயர் நீண்டதாகையால் இ.எச்.பி. என்று சுருக்கி வழங்குகின்றனர். தாய்லாந்து நாட்டில், வளர்ச்சி குன்றிய வரி இறாலில் இத்தகைய ஒட்டுண்ணி இருப்பது 2004-இல் அறிவிக்கப்பட்டது. 2009-இல் தனி இனமென்று ஆராய்ந்து பெயரிட்டனர். நம் நாட்டு வனாமிப் பண்ணைகளில் இது தோன்றியுள்ளதைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2016-இல் அறிவித்தனர்.

இது வைரஸுமன்று, பாக்டீரியாவுமன்று. பூஞ்சணங்களுக்கு நெருங்கிய உறவான மைக்ரோஸ்போரிடியா என்னும் வகுப்பைச் சேர்ந்தது. பிற உயிரின் அணுவறைக்குள் அல்லாமல் வேறெங்கும் இது பெருக இயலாது. வெளியே இருக்கும்பொழுது கனத்த சுவருடைய வித்தாக ஒடுங்கிக் கிடக்கும். அவ்வித்தின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நெல்மணிக்கு உமி காவலாயிருப்பதுபோல இதன் சுவர் இதற்குக் காவலாக இருக்கிறது. ஆகவே குளத்துச் சேற்றில் தங்கி, அடுத்த பயிருக்காகக் காத்திருக்க இதனால் முடிகிறது.

இறாலின் உடலில் நிகழ்வது

இறாலின் தலைப்பகுதியில் ஓட்டுக்கு அடியில் பழுப்பு நிறமான ஓர் உறுப்பைக் காணலாம். நம் உடலில் கல்லீரலும் கணையமும் தனித்தனியே செய்யும் தொழில்களை இறாலில் இவ்வொன்றே செய்கிறது. ஆதலின் இதனைக் கல்லீரல் கணையம் என்பர். தீவனத்தைச் செரிக்கும் நீர் இங்கே சுரக்கிறது. செரித்த சத்து இங்கே உறிஞ்சப்படுகிறது. கொழுப்பு இங்கே சேமித்து வைக்கப்படுகிறது. இறால் வளர வேண்டுமாயின் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு பூண வேண்டும். அதற்கு வேண்டும் சேமிப்பெல்லாம் இவ்வுறுப்பில்தான் உள்ளது. இதனை இறாலின் நெற்குதிர் என்று சொன்னால் பிழையாகாது. ஒட்டுண்ணி தாக்குவது இக்குதிரையே.

வித்தினுள்ளே மெல்லிய குழாய் ஒன்று சுருள்வில்போல் ஐந்தாறு சுற்றாகச் சுருண்டிருக்கும். இறால் தீவனத்தோடு வித்தை விழுங்கியதும், அது கல்லீரல் கணையத்தின் நுண்குழல்களை அடைகிறது. அங்கே சுருள் விடுபட்டு, குழாய் வெளிப்பாய்ந்து, பக்கத்திலுள்ள அணுவறையைத் துளைக்கிறது. வித்தின் உயிர்ச்சத்து முழுவதும் அக்குழாய் வழியே உள்ளே செலுத்தப்படுகிறது. பின்னர் அது பலவாகப் பிரிந்து புதிய வித்துகளாக முதிர்கிறது. அணுவறை சிதைந்ததும் வித்துகள் வெளிப்பட்டு, சில அண்டை அறைகளைத் தாக்குகின்றன. ஏனையவை மலத்தோடு கலந்து குளத்து நீரில் சேர்கின்றன.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஏறத்தாழ எல்லா உயிர்களும் சர்க்கரைப் பொருளைச் சிதைத்துத் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகின்றன. இவ்வொட்டுண்ணியோ அத்திறனை இழந்துவிட்டது. தன் அடுப்பைத் தான் மூட்ட இயலாததால், இறாலின் அணுவறை ஆக்கிவைத்த ஆற்றலையே எடுத்துக்கொள்கிறது. விருந்தளிப்பவர் செத்தால் இதற்கும் சோறில்லை. ஆகவேதான் இறால் உடனே மடிவதில்லை. தின்றும் உடலில் ஒட்டாமல் மெலிந்து நிற்கிறது. வெண்புள்ளி நோய் கண்ட குளத்தில் பத்து நாளைக்குள் பெரும்பாலும் எல்லா இறாலும் மடிந்துவிடும்; நட்டம் அன்றே தெரிந்துபோகும். இந்நோயில் நட்டம் நாள்தோறும் வளர்ந்துகொண்டே போகும். பண்ணையாளர் அதனை அறியமாட்டார்.

நட்டக் கணக்கு

ஓர் உதாரணம் காண்போம். ஓர் ஏக்கர் குளத்தில் 2 லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன. அவற்றுள் 1 லட்சத்து 60 ஆயிரம் பிழைத்தன என்று கொள்வோம். நூறு நூற்றிருபது நாளில் ஒவ்வொன்றும் 25 கிராம் எடை கண்டால் 4,000 கிலோ இறால் கிடைக்கும். கிலோவுக்கு 1.4 கிலோ வீதம் தீவனச் செலவு 5,600 கிலோ. இது நல்ல குளத்தின் கணக்கு.

நோய் கண்ட குளத்திலும் அதே எண்ணிக்கை பிழைத்திருக்கலாம். ஆனால் எடை 10 கிராமில் நின்றுவிட்டால் கிடைப்பது 1,600 கிலோ மட்டுமே. கிலோவுக்கு 2.5 கிலோ வீதம் 4,000 கிலோ தீவனம் அதற்குள் செலவாகியிருக்கும். நல்ல குளமாயின் இவ்வளவு இறாலுக்கு 2,240 கிலோ தீவனம் போதும். மீதி 1,760 கிலோவும் ஒட்டுண்ணிக்கும் சேற்றுக்கும் போட்ட தீவனமேயாகும். வளர்ப்புச் செலவில் சரிபாதிக்கு மேற்பட்டது தீவனம் என்பதனையும், கிலோவுக்கு 40 எண்ணம் நிற்கும் இறாலின் விலை 100 எண்ணம் நிற்கும் இறாலுக்குக் கிடையாது என்பதனையும் சேர்த்துப் பார்த்தால், கடன் வாங்கிக் குளம் போட்டவரின் நிலை என்னவாகும் என்பது விளங்கும். இந்நோயால் நாடு முழுவதும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் நட்டம் நேர்வதாக உவர்நீர் ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆய்வொன்று 2021-இல் மதிப்பிட்டது.

அறிகுறிகள்

குஞ்சு விட்டு ஒரு மாதத்திற்குப் பின் சிறிதும் பெரிதுமாக இறால் கலந்து தோன்றுதல் முதல் அறிகுறி. தீவனத் தட்டில் மீதம் காணுதல், குடல் வெறுமையாயிருத்தல், ஓடு மென்மையாதல் ஆகியவை பின்தொடரலாம். சில குளங்களில் வெண்ணிற நூல்போன்ற மலம் காற்றொதுங்கும் மூலையில் மிதக்கும். ஆயினும் வெண்மலம் வேறு காரணங்களாலும் உண்டாகும். கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானித்தல் கூடாது. ஒட்டுண்ணியின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையே உறுதியான வழி.

இத்தகைய இறாலை உண்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதாக அறியப்படவில்லை. ஆகையால் வீண் அச்சம் வேண்டுவதில்லை.

வாய்க்காலும் வடிகாலும்

நன்செய் நாட்டில் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. மேட்டிலிருந்து நீர் வாய்க்காலில் வருகிறது. வயலில் தங்கி, மிகுதியானது பள்ளத்து வடிகாலில் இறங்குகிறது. கீழ் வயலாருக்கு மேல் வயலின் கழிவு நீரே பாசன நீராக வரும்பொழுது சச்சரவு எழுவதை நாம் அறிவோம். அதனாலேயே மடைமுறையும் மராமத்தும் ஊர்க்கட்டுப்பாடாக அமைந்தன.

கடலோர உப்பனாற்றின் நிலை வேறு. அங்கே ஏற்றத்தில் நீர் மேலேறுகிறது, வற்றத்தில் கீழிறங்குகிறது. ஒரே கழிதான் வாய்க்கால், அதுவேதான் வடிகால். காலையில் ஒருவர் தம் குளத்து நீரை அதில் திறந்துவிடுகிறார். மாலையில் ஏற்றம் வந்ததும் அண்டைப் பண்ணையார் அதே நீரைத் தம் குளத்திற்கு இறைக்கிறார். நோய் கண்ட குளத்தின் மலமும் சேறும் வித்தும் இவ்வாறு ஊர் முழுவதும் சுற்றுகின்றன.

நீர் வாங்கும் குழாயில் வலைத்துணி கட்டியிருக்கிறோமே என்று சிலர் கருதலாம். வலைத்துணி நண்டையும் காட்டு இறாலையும் தடுக்கும். அது மிகவும் வேண்டியதே. ஆனால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான வித்து அத்துணியின் கண்ணில் தாராளமாகப் புகுந்துவிடும். இதே வகுப்பைச் சேர்ந்த ஒட்டுண்ணிகள் சில, இடையில் வேறொரு பிராணியின் உடலில் தங்கினாலன்றிப் பரவமாட்டா. இ.எச்.பி.க்கோ அத்தகைய துணை வேண்டுவதில்லை. மலத்தைத் தின்னும் இறாலுக்கும், செத்த இறாலைத் தின்னும் இறாலுக்கும் நேரே தொற்றுகிறது.

பரவுவதற்கு மற்றொரு வழி குஞ்சுப் பொரிப்பகம். அயல்நாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே பொரிப்பகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஆயினும் அங்கே சென்றபின் அவற்றுக்கு உயிருணவாக அளிக்கப்படும் கடற்புழுக்களில் இவ்வித்து இருக்கக்கூடும். தாயின் மலத்திலிருந்து குஞ்சுக்கும், குஞ்சிலிருந்து குளத்திற்கும் அது வந்துசேரும்.

பட்டுப்புழு தந்த பாடம்

இவ்வகைக் கிருமியை மனிதர் எதிர்கொள்வது இது முதன்முறையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு நாட்டுப் பட்டுத்தொழிலைப் பெப்ரின் என்னும் நோய் நசித்தது. அதற்குக் காரணமான கிருமியும் மைக்ரோஸ்போரிடியா வகுப்பைச் சேர்ந்ததே. 1865-இல் லூயி பாஸ்டர் என்னும் விஞ்ஞானி அந்நாட்டின் தென்பகுதிக்குச் சென்று அதனை ஆராய்ந்தார். அவர் மருந்தொன்றும் கண்டுபிடித்தாரல்லர். ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்தார். பின்னர் அப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வித்து காணப்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிடச் சொன்னார். நோயற்ற தாயின் முட்டையை மட்டும் வளர்த்ததால் தொழில் பிழைத்தது. தாய்ப்பூச்சியைச் சோதிக்கும் அம்முறை இன்றும் நம் நாட்டுப் பட்டுமுட்டை வித்தகங்களில் வழக்கத்திலுள்ளது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. உள்ளே புகுந்தபின் வெளியேற்ற அரிதான கிருமியை, விதையிலேயே தடுத்தல் வேண்டும். விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டு மிதப்பதை நீக்கும் உழவருக்கு இது புதிய செய்தியன்று.

பண்ணையாளர் செய்ய வேண்டுவன

1. குஞ்சு வாங்குமுன் பி.சி.ஆர். சோதனை செய்து, இ.எச்.பி. இல்லையென்று உறுதிப்படுத்திக் கொள்ளல் வேண்டும். பதிவுபெற்ற பொரிப்பகத்தில் மட்டும் வாங்குக. விலை மலிவு என்று சோதியாத குஞ்சை விடுவது, களைவிதை கலந்த நெல்லை விதைப்பதற்கு ஒப்பாகும்.

2. அறுவடைக்குப் பின் குளத்துச் சேற்றை அகற்றி, நிலம் வெடிக்கும்வரை நன்றாகக் காயவிடல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது கைகூடாது. ஆகையால் மழை ஓய்ந்து வெயில் ஏறும் நாட்களை இதற்கென்று ஒதுக்குக.

3. நோய் கண்ட குளமாயின் காய்ந்தபின் சுட்ட சுண்ணாம்பு இடுக. நீற்றிய சுண்ணாம்பு இதற்குப் பயன்படாது. ஹெக்டேருக்கு 6 டன், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ தேவை. 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழம் மண்ணோடு கலக்குமாறு உழுது, பின்னர் மண் நனையுமளவு நீர் தெளித்து, ஒரு வாரம் விட்டுவைத்தல் வேண்டும். மண்ணின் காரநிலை 12-க்கு மேல் ஏறினாலன்றி வித்துகள் அழியமாட்டா. சுட்ட சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். கண்காப்பும் கையுறையும் அணியாமல் ஆட்களை இவ்வேலையில் இறக்கலாகாது.

4. கழியின் நீரை நேரே குளத்திற்கு விடாமல், தேக்கக் குளத்தில் நிறுத்திக் குளோரின் இட்டுத் தூய்மைசெய்து பயன்படுத்துக. வலை, தீவனத் தட்டு முதலியவற்றைக் குளத்திற்குக் குளம் மாற்றாதிருத்தல் நலம்.

5. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது ஆணையத்தின் வரம்பு. அதற்குள்ளும் குறைவாக விடுவதே நன்று. குளத்தின் நடுவில் சேரும் மலத்தையும் கழிவையும் அடிக்கடி வெளியேற்றினால் இறால் மீண்டும் மீண்டும் வித்தை விழுங்குவது குறையும். வெளியேற்றிய கழிவைக் கழியில் விடாமல் தனிக் குழியில் சேர்க்க.

6. வாரந்தோறும் வீச்சுவலை போட்டு எடை பார்த்துக் குறித்து வருக. இரண்டு வாரம் எடை ஏறாவிட்டால் தீவனத்தைக் கூட்டாமல் சோதனைக்கு அனுப்புக. நோய் கடுமையென்று தெரிந்தால் நாளைக் கடத்தாமல் பிடித்துவிடுவதே நட்டத்தைக் குறைக்கும்.

7. ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இடலாகாது. அவை பாக்டீரியாவுக்கு எதிரானவை; இவ்வொட்டுண்ணியை ஒன்றும் செய்யமாட்டா. குளோராம்பெனிகால் போன்ற தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம் காணப்பட்டால் அயல்நாட்டார் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவர்.

சந்தேகம் தோன்றினால் மீன்வளத் துறையினரையும், நாகப்பட்டினத்தில் 2012 முதல் இயங்கிவரும் மீன்வளப் பல்கலைக்கழகத்தாரையும், சென்னை உவர்நீர் ஆராய்ச்சி நிலையத்தாரையும் அணுகி ஆலோசனை பெறலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

மேற்கூறிய ஏழையும் ஒருவர் மட்டும் வழுவாமல் செய்தாலும், அதே கழியில் நீர் வாங்கும் மற்றொருவர் செய்யாவிட்டால் பயன் முழுமையாகாது. சுண்ணாம்புக்குச் செலவிட்டவரின் குளத்திற்கே அண்டையார் திறந்துவிட்ட நோய்நீர் வந்துசேரும். ஆதலால் இது தனியார் விவகாரமன்று, ஊர் விவகாரம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டுவன சில உண்டு.

முதலாவதாக, எந்தக் கழியில் எந்தப் பண்ணை நீர் வாங்குகிறது, எங்கே விடுகிறது என்பதைக் காட்டும் படமொன்றைத் தயாரித்தல் நன்று. இரண்டாவதாக, பண்ணையாளரைக் கூட்டி, இறைக்கும் நாள் இது, திறக்கும் நாள் இது என்று வயல்களுக்கு முறைவைப்பதுபோல் முறைவைக்கலாம். மூன்றாவதாக, ஒரு குளத்தில் நோய் கண்டால் அதனை மறைக்காமல் உடனே அண்டையாருக்கு அறிவிப்பதும், அந்நீரைக் கிருமிநீக்கம் செய்யாமல் திறவாதிருப்பதும் ஊர்க்கட்டுப்பாடாதல் வேண்டும். நோய் கண்டவரை இழிவாகப் பேசினால் அடுத்தவர் மறைக்கத்தான் செய்வார். ஆகையால் அறிவித்தவருக்கு உதவுவதே ஊருக்கு நன்மை. நான்காவதாக, ஒரே கழியைச் சார்ந்த எல்லாக் குளங்களும் ஆண்டில் குறித்த காலம் ஒருசேரக் காயுமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும். ஒன்று காய, ஒன்று நிறைந்திருந்தால் வித்துக்கு எப்பொழுதும் ஓரிடம் கிடைத்துக்கொண்டேயிருக்கும்.

இறால் குளமே இல்லாத உழவருக்கும் இதில் அக்கறை உண்டு. உப்புநீரும் கழிவும் பாசன வாய்க்காலில் புகாமலும், குடிநீர்க் கிணறுகளின் பக்கம் கசியாமலும் பார்த்துக்கொள்வது பஞ்சாயத்தின் கடமை. பதிவின்றியும், விளைநிலத்தை மாற்றியும் குளம் தோண்டப்படுமாயின் மாவட்ட அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் இவற்றை வெளிப்படையாகப் பேசினால், நெல் பயிரிடுவோருக்கும் இறால் வளர்ப்போருக்கும் இடையே மனக்கசப்பு நேராது.

முடிவுரை

இவ்வொட்டுண்ணிக்குக் கண் இல்லை, கால் இல்லை. தானாக ஒரு முழ தூரமும் அது செல்லாது. நாம் விடும் நீரிலும், நாம் வாங்கும் குஞ்சிலும், நாம் எடுத்துச் செல்லும் வலையிலுமே அது பயணம் செய்கிறது. ஆகவே அதன் வழியை அடைப்பதும் நம் கையிலேயே உள்ளது. மேல்மடையார் கீழ்மடையாரை நினைத்து மடை திறக்கும் பழக்கம் காவிரிப் படுகையில் தொன்றுதொட்டு வந்தது. அதனையே கடைமடைக்கு அப்பாலுள்ள உப்பனாற்றங்கரையிலும் கைக்கொண்டால், போட்ட தீவனம் இறாலாகும். வாங்கிய கடன் தீரும். ஊரும் ஒற்றுமையாக வாழும்.